ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோன், ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டு: மாறுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரண்டு சிம், யுபிஐ, வாட்ஸ்அப் ஆகிய மூன்றும் அன்றாடம் தேவைப்படுகிற இந்தியப் பயனாளர்களை மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை. போன் மாற்றுவது அரைநாள் வேலைதான். ஆனால் வரிசை தவறினால் ஒரு வாரம் இழுக்கும். அதனால் புதுப் போனின் பெட்டியைப் பிரித்த கையோடு சிம்மைக் கழற்றி மாற்றிவிடாதீர்கள். முதலில் இதை முழுவதும் படித்துவிடுங்கள்.

இரண்டில் எதுதான் நல்லது?

பேசுவது, படம் எடுப்பது, பணம் அனுப்புவது, வழி பார்ப்பது என்று அன்றாட வேலைகளில் இன்று இரண்டும் சமம். விலையிலும், போன் உங்களுக்குக் கொடுக்கும் சுதந்திரத்திலும்தான் வேறுபாடு.

ஆண்ட்ராய்டில் பத்தாயிரம் ரூபாய்க்குள்ளேயே புதுப் போன் கிடைக்கிறது. ஐபோனில் குறைந்த விலை மாடல் என்று 2025 பிப்ரவரியில் வந்த ஐபோன் 16இ-யின் அறிமுக விலையே ₹59,900. சார்ஜர் தனிச் செலவு. 2020-இல் வந்த ஐபோன் 12 முதல் பெட்டிக்குள் கேபிள் மட்டும்தான் இருக்கிறது.

ஆண்ட்ராய்டில் கோப்புகளை ஃபோல்டர் வாரியாகத் திறக்கலாம், சில மாடல்களில் மெமரி கார்டு போடலாம், பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்தும் செயலியை நிறுவலாம். அந்தக் கடைசி வசதிதான் ஆபத்தும். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (செயலியை நிறுவும் கோப்பு) தொட்டு வங்கிப் பணத்தைப் பறிகொடுப்பது ஆண்ட்ராய்டில்தான் நடக்கிறது. ஐபோனில் அந்தக் கோப்பு திறக்கவே திறக்காது. எது வந்தாலும் தொட்டுப் பார்க்கும் பெரியவர் ஒருவருக்காக வாங்குவதானால் இது ஒன்றே ஐபோன் பக்கம் சாய்வதற்குப் போதுமான காரணம் என்பது எங்கள் கருத்து. ஆனால் ஐபோனுக்கு மாறினாலும் ஓடிபியைக் கேட்டு வாங்கும் மோசடியிலிருந்து தப்ப முடியாது.

பழைய போன் மெதுவாகிவிட்டது, பேட்டரி நிற்கவில்லை என்பதற்காக மட்டும் மாற வேண்டாம். அதற்குப் பேட்டரியை மாற்றினால் போதும், இல்லையென்றால் அதே பக்கத்தில் வேறு போன் வாங்கினால் போதும்.

எத்தனை வருடம் அப்டேட் வரும்?

ஐபோனின் இயங்குதளத்தின் பெயர் ஐஓஎஸ். 2018-இல் ஐஓஎஸ் 12-உடன் வந்த ஐபோன் எக்ஸ்எஸ், ஐஓஎஸ் 18 வரை பெற்றது. ஐஓஎஸ் 26-க்கு ஐபோன் 11 அல்லது அதற்குப் பிந்தைய மாடல் வேண்டும். ஆண்ட்ராய்டில் பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 வரிசைகளிலிருந்து கூகுளும் சாம்சங்கும் ஏழு வருடம் தருவதாக அறிவித்திருக்கின்றன. இது விலை உயர்ந்த மாடல்களுக்குத்தான். பதினைந்தாயிரம் ரூபாய்ப் போனில் இதைவிடக் குறைவாகவே இருக்கும். வாங்கும் முன் அந்தக் குறிப்பிட்ட மாடலின் பக்கத்தில் பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டு என்று பார்த்துவிடுங்கள்.

மாறுவதற்கு முன் முதல் வேலை என்ன?

உங்கள் தகவல்கள் எங்கே இருக்கின்றன என்று பார்ப்பது. இரண்டு பக்கமும் திறக்கக்கூடிய ஓர் இடத்தில் அவை இருந்தால் இன்று மாறுவதும் சுலபம், பிடிக்காமல் இரண்டு வருடம் கழித்துத் திரும்புவதும் சுலபம். கான்டாக்ட்ஸ், காலண்டர், படங்கள், பாஸ்வேர்டு, குறிப்புகள் ஐந்தையும் இந்தக் கண்ணோடு பாருங்கள்.

கான்டாக்ட்ஸில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆண்ட்ராய்டில் ஓர் எண் கூகுள் கணக்கிலும் இருக்கலாம், போனின் நினைவகத்திலும் இருக்கலாம், சிம்மிலும் இருக்கலாம். பார்வைக்கு எல்லாம் ஒரே பட்டியலாகத் தெரியும். கணினியில் கூகுள் கான்டாக்ட்ஸ் பக்கத்தைத் திறந்து, போனில் காட்டும் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் மீதி போனிலோ சிம்மிலோ கிடக்கிறது என்று பொருள். சாம்சங்கில் கான்டாக்ட்ஸ் செயலியின் மேனேஜ் கான்டாக்ட்ஸ் பகுதியில் மூவ் கான்டாக்ட்ஸ் இருக்கிறது. அதில் எல்லாவற்றையும் கூகுள் கணக்குக்கு நகர்த்துங்கள். பிறகு ஐபோனில் செட்டிங்ஸ், ஆப்ஸ், கான்டாக்ட்ஸ், கான்டாக்ட்ஸ் அக்கவுண்ட்ஸ் வரை போய்க் கூகுள் கணக்கைச் சேர்த்தால் எல்லா எண்களும் வந்துவிடும். அங்கேயே டீஃபால்ட் அக்கவுண்டையும் கூகுள் என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் புதிதாகச் சேர்க்கும் எண்கள் ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐகிளவுடில் போய் உட்காரும், பட்டியல் இரண்டாகப் பிரிந்துவிடும்.

குறிப்புகளுக்குக் கூகுள் கீப் இரண்டிலும் ஓடும். சாம்சங் நோட்ஸ் ஐபோனில் இல்லை. வேண்டியவற்றைப் பிடிஎஃப் ஆக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் நோட்ஸ் ஆண்ட்ராய்டில் இல்லை. பிரவுசரில் ஐகிளவுட் தளம் வழியாக மட்டும் பார்க்கலாம்.

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொண்டுபோக முடியுமா?

பெரும்பாலானவற்றை முடியும். ஆப்பிளே வெளியிட்டிருக்கும் மூவ் டு ஐஓஎஸ் என்ற செயலி பிளே ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கிறது. கான்டாக்ட்ஸ், எஸ்எம்எஸ், படம், வீடியோ, காலண்டர், மெயில் கணக்கு, புக்மார்க், வாட்ஸ்அப் எல்லாம் போகும். இரண்டு ஸ்டோரிலும் இருக்கும் இலவசச் செயலிகளும் ஐபோனில் இறங்கும், ஆனால் ஒவ்வொன்றிலும் புதிதாக லாகின் செய்ய வேண்டும்.

1. இரண்டு போனையும் சார்ஜரில் சொருகுங்கள். பழைய போனில் இருக்கும் மொத்தத் தகவல், மெமரி கார்டில் இருப்பதையும் சேர்த்து, புது ஐபோனில் கொள்ளுமா என்று பாருங்கள்.
2. ஐபோனை ஆன் செய்து, டிரான்ஸ்ஃபர் யுவர் ஆப்ஸ் அண்ட் டேட்டா என்ற திரை வரும்போது ஃபிரம் ஆண்ட்ராய்டு என்பதைத் தொடுங்கள். ஆறு அல்லது பத்து இலக்கக் குறியீடு வரும்.
3. ஆண்ட்ராய்டில் மூவ் டு ஐஓஎஸ் திறந்து அந்தக் குறியீட்டைப் போடுங்கள். ஐபோன் உண்டாக்கும் தற்காலிக வைஃபையில் ஆண்ட்ராய்டு இணையும்.
4. வேண்டியவற்றைத் தேர்ந்தெடுத்துத் தொடங்குங்கள். ஆண்ட்ராய்டு முடிந்துவிட்டது என்று சொன்னாலும், ஐபோனில் ஓடும் கோடு முழுவதும் நிறையும் வரை இரண்டையும் தொடாதீர்கள்.

பாதியில் நின்றுவிடுகிறது. ஏன்?

அந்தத் தற்காலிக வைஃபையில் இணையம் இருக்காது. ஆண்ட்ராய்டு அதைக் கெட்டுப்போன வைஃபை என்று எண்ணி, வீட்டு வைஃபைக்கோ மொபைல் டேட்டாவுக்கோ தாவிவிடும், இணைப்பு அறுந்துவிடும். ஆகவே தொடங்கும் முன் மொபைல் டேட்டாவை அணையுங்கள், வைஃபை அமைப்பில் தானாக நெட்வொர்க் மாறும் வசதியை நிறுத்துங்கள், விபிஎன் இருந்தால் அதையும் அணையுங்கள். மூவ் டு ஐஓஎஸ் திரையிலேயே இருக்க வேண்டும். வேறு செயலிக்குப் போனாலோ போன் வந்து எடுத்தாலோ மாற்றம் நின்றுவிடும். புக்மார்க் வரவில்லை என்றால் ஆண்ட்ராய்டின் குரோமை அப்டேட் செய்துவிட்டுப் பாருங்கள்.

வாட்ஸ்அப் பேச்சுகள் வருமா?

வரும். ஆனால் கூகுள் டிரைவில் இருக்கும் பேக்கப் வழியாக அல்ல. ஐபோன் வாட்ஸ்அப்புக்கு அந்தப் பேக்கப்பைப் படிக்கத் தெரியாது; ஐகிளவுட் பேக்கப்பை ஆண்ட்ராய்டாலும் படிக்க முடியாது. டிரைவில் பத்திரமாக இருக்கிறது என்று நம்பிப் பழைய போனை அழித்துவிட்டால் பேச்சுகள் ஐபோனுக்கு வராது.

சரியான வழி மூவ் டு ஐஓஎஸ்தான். ஐபோனில் ஐஓஎஸ் 15.5 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், எண் அதே எண்ணாக இருக்க வேண்டும். தேர்வுப் பட்டியலில் வாட்ஸ்அப்பைத் தொட்டால், பழைய போனில் வாட்ஸ்அப் திறந்து தகவலைத் தயார் செய்யும். அது முடிந்து நெக்ஸ்ட் கொடுத்ததும் மூவ் டு ஐஓஎஸ்-க்குத் திரும்பிவிடும். மாற்றம் முடிந்த பிறகு ஐபோனில் வாட்ஸ்அப்பைத் திறந்து அதே எண்ணில் நுழைந்தால், தகவலை நகர்த்தவா என்று அதுவே கேட்கும், ஸ்டார்ட் கொடுங்கள். பேச்சு, படம், குரல்பதிவு எல்லாம் வரும். வாட்ஸ்அப் வழி பணம் அனுப்பிய செய்திகளும் அழைப்புப் பட்டியலும் வராது.

டெலிகிராமுக்கு இந்தக் கவலை இல்லை, எல்லாம் அவர்கள் சர்வரிலேயே இருக்கிறது. சீக்ரெட் சாட் மட்டும் பழைய போனோடு நின்றுவிடும்.

ஐபோனை ஏற்கெனவே செட்டப் செய்து ஒரு வாரம் பயன்படுத்திவிட்டேன். இப்போது வாட்ஸ்அப்பை மட்டும் கொண்டுவரலாமா?

மூவ் டு ஐஓஎஸ் ஐபோனின் முதல் செட்டப்பில் மட்டுமே வேலை செய்யும். செட்டிங்ஸ், ஜெனரல், டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் ஐபோன், இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ் என்று போய் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழைய பேச்சுகளையும் இந்த ஒரு வாரப் பேச்சுகளையும் ஒன்றாக ஒட்டவும் முடியாது. இரண்டில் எது முக்கியம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துத் தருகிறோம் என்று காசு கேட்கும் கணினி மென்பொருள்களிடம் உங்கள் முழுப் பேச்சையும் திறந்து கொடுப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்குப் போகும்போது?

கேபிள் வழிதான் நம்பகமானது. ஐபோன் 14 வரை லைட்னிங்கிலிருந்து டைப்-சி கேபிள், ஐபோன் 15 முதல் இரு முனையும் டைப்-சி. புது ஆண்ட்ராய்டின் முதல் செட்டப்பில் காப்பி ஆப்ஸ் அண்ட் டேட்டா என்று வரும்போது கேபிளை இணைத்து, ஐபோனில் டிரஸ்ட் கொடுங்கள். சாம்சங்கில் இதே வேலையை ஸ்மார்ட் ஸ்விட்ச் செய்யும்.

நடுவில் ஆண்ட்ராய்டு திரையில் ஒரு க்யூஆர் கோடு வரும். ஐபோன் கேமராவால் அதைப் பிடித்தால் வாட்ஸ்அப்பில் மூவ் சாட்ஸ் டு ஆண்ட்ராய்டு திறக்கும். அங்கிருந்து பேச்சுகள் கிளம்பும். அந்தத் திரையை அவசரத்தில் ஸ்கிப் செய்துவிட்டால் பிறகு ஆண்ட்ராய்டை ரீசெட் செய்தால்தான் மறுபடி வரும். சாம்சங் தவிர்த்த போன்களில் இதற்கு ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் தேவை.

ஐபோனை விட்டுப் போனபின் ஐபோன் வைத்திருப்பவர்கள் அனுப்பும் மெசேஜ் எனக்கு வரவில்லை.

ஐபோன்களுக்கு இடையே இணையம் வழியாகச் செய்தி அனுப்பும் ஆப்பிளின் ஐமெசேஜ் சேவையில் உங்கள் எண் இன்னும் பதிந்திருக்கிறது. அவர்கள் போன் உங்கள் பழைய ஐபோனைத் தேடி அனுப்புகிறது. சிம் பழைய ஐபோனில் இருக்கும்போதே செட்டிங்ஸ் வழியாக ஐமெசேஜையும் ஃபேஸ்டைமையும் அணைத்துவிடுங்கள். ஐபோன் கையைவிட்டுப் போயிருந்தால், ஆப்பிள் தளத்தில் ஐமெசேஜ் பதிவை நீக்கும் பக்கம் உண்டு; எண்ணைக் கொடுத்தால் வரும் குறியீட்டைப் போட்டு முடித்துவிடலாம்.

ஐபோனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சிறு செய்தி: ஐமெசேஜ் ஆக்டிவேஷனுக்காக ஐபோன் வெளிநாட்டு எண்ணுக்கு ஓர் எஸ்எம்எஸ் அனுப்பும். அன்லிமிடெட் பேக் அதற்குப் பொருந்தாது. முதன்மைக் கணக்கில் கொஞ்சம் பணம் இல்லையென்றால் ஆக்டிவேஷன் காத்துக்கொண்டே நிற்கும்.

என்னிடம் இரண்டு சிம் கார்டு. ஐபோனில் போட முடியுமா?

இந்தியாவில் விற்கும் ஐபோன்களில் ஒரு சிம் கார்டுக்குத்தான் இடம். மற்றொன்று இ-சிம்மாக, அதாவது கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்மாக, இருக்க வேண்டும். ஐபோன் 13 முதல் இரண்டு இ-சிம்களை ஒரே நேரத்தில் இயக்கலாம். ஐபோன் ஏர் மாடலில் சிம் தட்டே கிடையாது. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14 முதலே தட்டு இல்லை. மகனோ மகளோ அங்கிருந்து வாங்கி வரும் போன் என்றால் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

ஜியோ, ஏர்டெல், வி மூன்றும் இ-சிம் தருகின்றன, பி.எஸ்.என்.எல். தமிழ்நாட்டில் 2025-இல்தான் தொடங்கியது. இதில் ஒரு சிக்கல் உண்டு. சிம்மை மாற்றினாலோ இ-சிம்மாக்கினாலோ, மோசடியைத் தடுப்பதற்காக அந்த எண்ணில் 24 மணிநேரம் எஸ்எம்எஸ் நிறுத்தப்படும். ஓடிபி வராது, யுபிஐ பதிவும் நடக்காது. ஆகவே இ-சிம் மாற்றத்தை முதலில் முடித்து, ஒரு நாள் விட்டு, பிறகு வங்கிச் செயலிகளுக்குப் போங்கள். மறுநாள் வாடகையோ பள்ளிக் கட்டணமோ கட்ட வேண்டியிருந்தால் அதைக் கட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

ஜிபே, போன்பே, வங்கிச் செயலிகள் என்ன ஆகும்?

யுபிஐ உங்கள் எண்ணோடும் அந்தப் போனோடும் சேர்த்துக் கட்டப்பட்டது. போன் மாறினால் மறுபடி பதிய வேண்டும். யுபிஐ பின் மாறாது, அது வங்கிக் கணக்குக்கு உரியது.

பழைய போனில் யுபிஐ லைட் (சிறு தொகைகளைப் பின் இல்லாமல் அனுப்பும் வசதி) வைத்திருந்தால் முதலில் அதை மூடுங்கள். அதில் ₹5,000 வரை இருப்பு வைக்கலாம், அந்த இருப்பு அந்தப் போனோடு கட்டப்பட்டது. மூடினால் பணம் வங்கிக்குத் திரும்பும்.

ஆண்ட்ராய்டில் சரிபார்ப்பு எஸ்எம்எஸ்ஸைச் செயலியே அனுப்பிவிடும். ஐபோனில் ஆப்பிள் அதை அனுமதிப்பதில்லை; மெசேஜ் திரை திறக்கும், ஏதேதோ எழுத்துகள் நிரம்பியிருக்கும், நீங்கள்தான் அனுப்பும் அம்பைத் தொட வேண்டும். அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. இரண்டு எண் இருந்தால் அந்தத் திரையில் எந்த எண்ணிலிருந்து போகிறது என்று பாருங்கள். பதிவு தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் வங்கியில் இல்லாத எண்ணிலிருந்து எஸ்எம்எஸ் போவதுதான். எஸ்எம்எஸ் இல்லாத மலிவு ரீசார்ஜ் பேக் அடுத்த காரணம்.

பதிவானவுடன் பெரிய தொகை அனுப்ப முடியாது. புதுப் போனில் முதல் 24 மணிநேரத்துக்கு மொத்தம் ₹5,000 என்பது வழக்கமான வரம்பு. ஐபோனில் சில வங்கிகள் இதை 72 மணிநேரமாக வைத்திருக்கின்றன. பழைய போனைப் பத்து நாளாவது அழிக்காமல் வைத்திருங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆத்தென்டிகேட்டர் குறியீடுகள்?

மெயில் போன்ற கணக்குகளில் நுழையும்போது பாஸ்வேர்டோடு கேட்கும் குறியீட்டை உண்டாக்கும் செயலி இது. இதை மறந்துவிட்டுப் போனை அழித்தால் மெயிலுக்கே நுழைய முடியாமல் போகலாம். கூகுள் ஆத்தென்டிகேட்டரில் டிரான்ஸ்ஃபர் அக்கவுண்ட்ஸ் வழியாக க்யூஆர் கோடு எடுத்துப் புதுப் போனில் பிடிக்கலாம். மைக்ரோசாஃப்ட் ஆத்தென்டிகேட்டரின் பேக்கப் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகாது. ஒவ்வொரு கணக்கிலும் நுழைந்து புதுப் போனைச் சேர்த்த பிறகே பழையதை நீக்க வேண்டும்.

படங்கள் எல்லாம் வந்ததா என்று எப்படித் தெரியும்?

கேபிளோ மூவ் டு ஐஓஎஸ்ஸோ, போனில் உண்மையில் இருப்பதைத்தான் எடுக்கும். கூகுள் போட்டோஸில் ஃப்ரீ அப் ஸ்பேஸ் கொடுத்திருந்தால் பழைய படங்கள் போனில் இருக்காது, கிளவுடில் மட்டும் இருக்கும். ஐபோனில் ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ் ஆன் ஆகியிருந்தால் போனில் இருப்பது சிறிய பிரதி.

ஆண்ட்ராய்டிலிருந்து வருகிறவர்கள் ஐபோனிலும் கூகுள் போட்டோஸைப் போட்டுக்கொண்டால் எதையும் நகர்த்தவே தேவையில்லை. ஐபோனிலிருந்து போகிறவர்களுக்கு ஆப்பிளின் பிரைவசி தளத்தில் ஐகிளவுட் படங்களை நேராகக் கூகுள் போட்டோஸுக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. மூன்று முதல் ஏழு நாள் ஆகும். ஷேர்ட் ஆல்பங்கள் போகாது. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, ஐகிளவுட் 5 ஜிபி. ஆண்ட்ராய்டின் வாட்ஸ்அப் பேக்கப்பும் அந்த 15 ஜிபிக்குள்தான் அடங்கும்.

ஐபோன் படங்கள் ஸ்டூடியோவிலோ பழைய கணினியிலோ திறக்கவில்லை என்றால் காரணம் ஹெச்இஐசி வடிவம். செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் போய் மோஸ்ட் கம்பேட்டிபிள் என்று மாற்றினால் இனி எடுப்பவை ஜேபெக்காக வரும்.

ஐபோனில் தமிழ் தட்டச்சு செய்ய முடியுமா?

நன்றாகவே முடியும். செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு, கீபோர்ட்ஸ், ஆட் நியூ கீபோர்டு என்று போய்த் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, அஞ்சல் இரண்டும் கிடைக்கும். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கிப் பழகியவர்களுக்கு அஞ்சல் சீக்கிரம் கைவரும். ஜிபோர்டும் செல்லினமும் ஐபோனுக்கும் உண்டு. பாஸ்வேர்டு கட்டத்தில் மட்டும் ஐபோன் தன் சொந்தக் கீபோர்டையே காட்டும். போனின் மெனுவே தமிழில் வேண்டும் என்றால் ஐஓஎஸ் 18.4 முதல் அதுவும் வந்துவிட்டது. ஆண்ட்ராய்டில் இது நெடுநாளாகவே இருக்கிறது.

வாட்ச், இயர்பட்ஸ் மாற்ற வேண்டுமா?

ஆப்பிள் வாட்ச் ஐபோனோடு மட்டுமே இயங்கும். சாம்சங்கின் கேலக்ஸி வாட்ச் 4 முதல் வந்தவையும் பிக்சல் வாட்சும் ஆண்ட்ராய்டோடு மட்டுமே. ஏர்பாட்ஸ் ஆண்ட்ராய்டில் சாதாரண புளூடூத் இயர்போனாக வேலை செய்யும். மாறும் செலவைக் கணக்கிடும்போது வாட்சின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்து வாங்கிய செயலிகள்?

மறுபக்கம் போகாது, மீண்டும் வாங்க வேண்டும். மாதச் சந்தாவில் கூடுதல் கவனம் வேண்டும்: பிளே ஸ்டோர் வழியாகக் கட்டியதைப் பிளே ஸ்டோரிலும், ஆப்பிள் வழியாகக் கட்டியதை ஆப்பிள் கணக்கிலும்தான் நிறுத்த முடியும். செயலியை நீக்குவதால் சந்தா நிற்காது.

அழைப்பைப் பதிவு செய்யும் வசதி, ட்ரூகாலர் இவை ஐபோனில்?

ஐஓஎஸ் 18.1 முதல் அழைப்பைப் பதிவு செய்யலாம். தொடங்கும்போது இரு தரப்புக்கும் கேட்கும்படி அறிவிப்பு ஒலிக்கும். ட்ரூகாலர் ஆண்ட்ராய்டில் செய்வது போல உடனுக்குடன் பெயர் காட்ட ஐஓஎஸ் 18.2-உம் கட்டணச் சந்தாவும் தேவை.

பழைய போனை விற்கும் முன்?

புதுப் போனில் வாட்ஸ்அப், யுபிஐ, வங்கி, ஆத்தென்டிகேட்டர் நான்கும் ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகே பழையதை அழியுங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸின் அக்கவுண்ட்ஸ் பகுதியில் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு, பிறகு செட்டிங்ஸ் வழியாகவே ரீசெட் செய்யுங்கள். கணக்கை நீக்காமல் பட்டன்களை அழுத்தி ரெக்கவரி வழியாக அழித்தால், வாங்குகிறவரிடம் போன் உங்கள் கூகுள் கணக்கைக் கேட்கும். ஐபோனில் ஃபைண்ட் மை-யை (தொலைந்த போனைத் தேடும் வசதி) அணைத்து, ஆப்பிள் கணக்கிலிருந்து சைன் அவுட் செய்து, அழியுங்கள். இ-சிம்மையும் நீக்கவா என்று கேட்டால், அந்த எண் புதுப் போனில் வேலை செய்கிறது என்பது உறுதியான பிறகு ஆம் என்று சொல்லுங்கள்.

பழைய போன் வாங்குகிறவர்களும் இதையே தலைகீழாகச் செய்து பார்க்க வேண்டும். விற்பவர் எதிரிலேயே அழித்துக் காட்டச் சொல்லி, முதல் செட்டப் திரையில் முந்தையவரின் கணக்கைக் கேட்கிறதா என்று பாருங்கள். ஸ்டார், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ் அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பாருங்கள். திருட்டுப் போன் என்று தடை செய்யப்பட்டிருந்தால் அங்கே தெரிந்துவிடும். பணத்தை அதன் பிறகு கொடுங்கள்.